ஸ்க்ரூவத் தொடுறதுக்கு முன்னாடி சுத்த எண்ணிக்கிடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு சார் எழுதியிருந்தாவ, மார்கழி பொறந்தா பழைய பைக்கு காலையில கிளம்ப மாட்டேங்கு, மெக்கானிக்குட்ட கொண்டு போனா கார்ப்ரேட்டர் டியூனிங்னு சொல்லி துட்டு வாங்குதாவ, பத்து நாள் கழிச்சு மறுபடியும் அதே கதை, பேசாம இந்த வண்டியெல்லாம் காயலாங்கடைக்கு போட்டுர வேண்டியதுதான்னு. நான் கல்லிடைக்குறிச்சி பக்கம் டூவீலர் ஒர்க்‌ஷாப்பு வச்சிருக்கேன், இந்தத் தொழிலுக்கு வந்து முப்பது வருசத்துக்கு மேல ஆகுது. அந்தக் கடுதாசிய ரெண்டு தடவ படிச்சேன். அவிய கோவத்துல நியாயம் இருக்கு, ஆனா வண்டி மேல போட்ட பழி நியாயம் இல்ல, அதான் எழுதணும்னு தோணிச்சு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல சீசன் மாறினா கார்ப்ரேட்டருக்கு என்ன ஆகுதுன்னு சொல்லிருதேன். பெட்ரோல் சரியா எரியணும்னா ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காத்து வேணும். கார்ப்ரேட்டரோட சோலியே அந்தக் கணக்குக்கு பெட்ரோலையும் காத்தையும் கலந்து என்ஜினுக்கு அனுப்புறதுதான். ஆனா அது காத்த எடைபோட்டு எடுக்கல, ஓட்டை வழியா உறிஞ்சுற அளவுலதான் எடுக்கு. வெயில்ல காத்து விரிஞ்சு லேசாயிரும், குளிர்ல சுருங்கி கனமாயிரும். அப்ப ஒரே ஓட்டை வழியா போனாலும் சித்திரை மத்தியானத்துல போற காத்து எடை கம்மி, பெட்ரோல் கூட ஆயிரும், மார்கழி கருக்கல்ல காத்து எடை கூட, பெட்ரோல் கம்மியா நிக்கும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 (புது புகை விதி) வண்டியில பெரும்பாலும் சென்சார் இருக்கு, காத்து சூடு எவ்ளோன்னு பாத்து அதுவே பெட்ரோல கூட்டிக் குறைச்சுக்கிடும். பழைய வண்டிக்கு அந்த வசதி கெடையாது, நாமதான் பாக்கணும்.

ஆனா எவ்வளவு பாக்கணும்? இங்கதான் நிறைய பேரு கோட்டை விடுதாவ, மெக்கானிக்குங்களும் சேத்துதான். நம்ம பாளையங்கோட்டையில கத்திரி வெயில்ல 40 டிகிரின்னு வைங்க, மார்கழி வெள்ளனே 22 டிகிரின்னு வைங்க. இந்த ரெண்டுக்கும் நடுவுல காத்தோட கனம் மாறுறது நூத்துக்கு ஆறு பங்குதான். அந்த ஆறும் அப்படியே கலவையில வராது, கார்ப்ரேட்டர் உறிஞ்சுற விதத்துல ஏறக்குறைய பாதிதான் தெரியும், அதாவது மூணு சதவீதம். மூணு சதவீதத்துக்கு, கார்ப்ரேட்டர்ல கலவைய கூட்டிக் குறைக்க இருக்குற ஸ்க்ரூவ கால் சுத்து திருப்பினா போதும், பல வண்டிக்கு அதுகூட வேண்டாம். யூடியூப்ல வெளிநாட்டுக்காரன் குளிர்காலத்துக்கு ஜெட்ட (பெட்ரோல் வார சின்ன ஓட்டை உள்ள துண்டு) மாத்துன்னு சொல்லுதான்னு எங்கடைக்கு பையங்க வந்து கேக்காங்க, அவன் ஊருல பனி விழும், கோடைக்கும் குளிருக்கும் நாப்பது அம்பது டிகிரி வித்தியாசம் வரும், அவனுக்கு அது சரி. தாமிரபரணி தண்ணி குடிக்குற நமக்கு சீசனுக்கு சீசன் ஜெட்டு மாத்துற வேலையே கெடையாது.

இன்னொரு கணக்கும் சொல்லுதேன். மணிமுத்தாறுல இருந்து மாஞ்சோலைக்கு ஏறினா ஆயிரம் மீட்டருக்கு மேல உயரம், அங்க காத்தோட கனம் கீழ இருக்குறத விட பத்து சதவீதம் போல கம்மியாயிரும். ஒரு வருசத்துல சித்திரைக்கும் மார்கழிக்கும் நடுவுல மாறுறதை விட அந்த மலை ரோட்டுல ஒரே காலையில மாறுறது கூட. கீழ நல்லா ஓடின வண்டி மேல ஏற ஏற இழுக்க மாட்டேங்கு, கருப்பா புகை தள்ளுதுன்னா அதுக்கு இதுதான் காரணம். அங்க நின்னு ஸ்க்ரூவத் திருகி சரி பண்ணிட்டு கீழ இறங்கினா, வண்டிக்கு பெட்ரோல் காணாம (பத்தாம) சூடாயிரும்.

பெட்ரோல் காணாம போனா என்ன ஆகும்னு நான் என் கையாலயே பண்ணிப் பாத்தவன். 1996ல வண்ணார்பேட்டை பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புல வேலை படிச்சுக்கிட்டிருந்தேன். சீவலப்பேரி ரோட்டுல இருந்து பாளையங்கோட்டைக்கு பால் கொண்டாற ஒரு தாத்தா வருவாவ, ரெண்டு பக்கமும் கேன் தொங்கப்போட்ட டூ ஸ்ட்ரோக் மொபெட்டு. கத்திரி நேரத்துல வந்து, மைலேஜ் குடுக்க மாட்டேங்கு தம்பி, எதாச்சும் பண்ணுன்னு கேட்டாவ. கடை முதலாளி அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தாவ, நான் பெரிய ஆளு மாதிரி மெயின் ஜெட்ட கழட்டிட்டு ஒரு சைஸு சின்ன ஜெட்டு போட்டு விட்டேன். மைலேஜ் கூடிட்டு. தாத்தாவுக்கு சந்தோசம், மறுநா காலையில எனக்குன்னு அரை லிட்டர் பால் கொண்டாந்து குடுத்தாவ. கத்திரி போயி ஆனி ஆடி போயி ஐப்பசி மழையும் முடிஞ்சுது, நான் அதை மறந்தே போயிட்டேன். மார்கழியில ஒரு நாள், விடிய இன்னும் நேரம் கெடந்துது, கேன் ரெண்டும் நிறைய பாலோட ஃபுல் ரேஸ்ல வந்துக்கிட்டிருந்த வண்டி அப்படியே பிஸ்டன் ஜாம் ஆகி, பின் வீலு கட்டி, தாத்தா ரோட்டுல விழுந்து வலது கை மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. பால் பூரா தார் ரோட்டுல ஓடிக் கெடந்துது.

அண்ணாச்சி ஹெட்ட கழட்டி, சிலிண்டர உருவி, பிஸ்டன என் உள்ளங்கையில வச்சாவ. அந்தப் பிஸ்டன் பக்கவாட்டுல நெட்டுக்க கோடு கோடா அலுமினியம் இழுபட்டு, நகத்தால தொட்டா தட்டுற அளவுக்கு. ஜெட்ட எடுத்து வெளிச்சத்துல நம்பரு பாத்தாவ, என்னைய பாத்தாவ. ஏலே, சித்திரையில காத்து லேசு, நீ போட்ட ஜெட்டு போதும்னு இருந்துது, மார்கழி காத்து கனம்லா, அதுக்கு இந்தப் பெட்ரோல் காணலலே, பெட்ரோல் கொறஞ்சா அதுல கலந்த ஆயிலும் கொறையும்லான்னு மட்டும் சொன்னாவ. அடிக்கக்கூட இல்ல. தாத்தா கையில மாவுக்கட்டு போட்டு ஒன்றரை மாசம் இருந்தாவ, அந்த ஒன்றரை மாசமும் அவிய மகன்தான் பால் ஊத்தினான். நான் போயி கால்ல விழுந்தேன். இன்னைக்கும் யாராவது மைலேஜுக்காக ஜெட்ட சின்னதாக்கு, பெட்ரோல கொறைன்னு சொன்னா எனக்கு அந்த ரோடுதான் ஓர்மைக்கு வரும்.

சரி, அந்த சாரு கேட்ட கேள்விக்கு வாரேன். மார்கழியில காலையில வண்டி கிளம்பலன்னா முதல்ல பாக்க வேண்டியது ஏர் ஸ்க்ரூ இல்ல, சோக்கு. குளிர்ந்து கெடக்குற என்ஜின்ல பெட்ரோல் சரியா ஆவியாகாது, அதுக்குன்னே கம்பெனிக்காரன் சோக்கு வச்சிருக்கான், கிளம்புற நேரம் மட்டும் கலவைய கெட்டியாக்கிக் குடுக்க. எங்கடைக்கு கார்ப்ரேட்டர் கோளாறுன்னு வார வண்டியில ரொம்ப வண்டிக்கு சோக்கு லிவரே உடைஞ்சு கெடக்கும், இல்லன்னா துருப்பிடிச்சு அசையாது, ஓட்டுறவருக்கு வண்டியில சோக்கு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது. சோக்கு இல்லாததுக்கு பதிலா ஒருத்தன் ஸ்க்ரூவத் திருப்பி பெட்ரோல கூட்டி வச்சிருதான், காலையில கிளம்பும், ஆனா எட்டு மணிக்கு வெயில் ஏறினதும் ஐடிலிங்ல (ஆக்சிலேட்டர் குடுக்காம சும்மா ஓடும்போது) நிக்காது, பிளக்கு கரியடிச்சுரும். மறுபடி ஒருத்தன் அதைக் கொறைப்பான். பத்து நாள்ல அதே கதைன்னு அவிய எழுதினது இதுதான். சோக்கு லிவரு சின்ன செலவு, டியூனிங் கூலிய விட கம்மி.

சோக்கு நல்லா இருக்கு, பிளக்கு புதுசு, ஏர் பில்டரு சுத்தமா இருக்கு, டேப்பட்டும் (வால்வு இடைவெளி) சரியா வச்சாச்சு, அப்புறமும் ஐடிலிங்ல மிஸ்ஸிங் இருக்குன்னாத்தான் ஸ்க்ரூ. இந்த வரிசைய மாத்தாதிய. அழுக்கு பில்டர வச்சுக்கிட்டு டியூனிங் பண்ணினா, நாளைக்கு பில்டர மாத்தினதும் அத்தனையும் வீணாப் போயிரும்.

ஸ்க்ரூவத் தொடுற விதத்த மட்டும் பைய சொல்லுதேன், வீட்டுல ஆர்வமா செய்யுற பையங்களும் படிப்பாங்கல்லா. வண்டிய பத்து நிமிசம் ஓட்டி என்ஜின நல்லா சூடாக்கிக்கிடணும், பச்சை என்ஜின்ல டியூனிங் பண்ணவே கூடாது. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு, ஸ்க்ரூவ உள்ளாற பைய திருப்பிக்கிட்டே எத்தனை சுத்துன்னு எண்ணணும், அரை, முக்கால், ஒண்ணுன்னு. ரெண்டு விரல்ல ஸ்க்ரூ டிரைவர பிடிச்சு, லேசா முட்டுற இடத்துல நிறுத்திரணும், அதுக்கு மேல ஒரு நூல் அழுத்தினா ஊசி மாதிரி இருக்குற முனை சீட்டுல பதிஞ்சு பள்ளம் விழுந்துரும், பொறவு அந்தக் கார்ப்ரேட்டர் ஆயுசுக்கும் டியூனிங் நிக்காது. எண்ணின சுத்த ஒரு இடத்துல எழுதி வைக்கணும். நான் சைடு பாக்ஸ் மூடிக்கு உள்பக்கம் பெயிண்டு பேனாவால எழுதுவேன், தேதியோட. இந்த ஒரு பழக்கம் இருந்தா ஊர்ல பாதி வண்டி ஒழுங்கா ஓடும், சத்தியமா சொல்லுதேன். ஏன்னா எத்தனை சுத்துல இருந்ததுன்னு தெரியாமத்தான் அவனவன் திருகி விடுதான், திரும்பி வர வழி இல்லாம போயிருது.

எண்ணி முடிச்சதும் பழைய இடத்துக்கே வெளிய எடுத்து வச்சு, வண்டிய ஸ்டார்ட் பண்ணி, அரைக்கால் சுத்து அரைக்கால் சுத்தா திருப்பணும். ஒவ்வொரு தடவ திருப்பினதும் கைய எடுத்துட்டு, பத்து எண்ணுற அளவுக்கு சும்மா நின்னு கேக்கணும். ஒரு இடத்துல சத்தம் தானா ஏறி, தொய்வு இல்லாம ஒரே சீரா நிக்கும், அதுதான் அந்த வண்டிக்கு அந்த சீசனுக்கு உள்ள இடம். ஏறின ஐடிலிங்க அப்புறம் ஐடில் ஸ்க்ரூவால 1400 ஆர்.பி.எம். (என்ஜின் நிமிசத்துக்கு சுத்துற சுத்து) பக்கம் இறக்கிக்கிடலாம். ஒரே ஒரு விசயம் ரொம்ப முக்கியம். ஸ்க்ரூ ஏர் பில்டர் பக்கமா இருந்தா அது காத்துக்கு உள்ள ஸ்க்ரூ, உள்ள திருப்பினா பெட்ரோல் கூடும். என்ஜின் பக்கமா இருந்தா அது பெட்ரோலுக்கு உள்ளது, வெளிய திருப்பினாத்தான் பெட்ரோல் கூடும். இதை மாத்தி திருப்பி வண்டிய கொன்ன ஆளுங்களை நான் நிறைய பாத்திருக்கேன். இன்னொண்ணு, இந்த ஸ்க்ரூ கால்வாசி ஆக்சிலேட்டர் வரைக்கும்தான் பேசும். நடு ஓட்டத்துக்கு நீடிலு (கார்ப்ரேட்டருக்குள்ள இருக்குற ஊசி), முழு ரேஸுக்கு மெயின் ஜெட்டு. ஹைவேல எழுபதுல போகும்போது இழுக்கலன்னு சொல்லுறவருக்கு ஏர் ஸ்க்ரூவத் திருகி ஒண்ணும் ஆகப் போறதில்ல.

கடைசியா ஒரு வாரம் ஓட்டிட்டு பிளக்க கழட்டிப் பாக்கணும். பிஸ்கட் கலரா இருந்தா சரி, கரிக்கட்டையா இருந்தா பெட்ரோல் கூட, வெள்ளையா சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தா பெட்ரோல் காணல, உடனே கூட்டணும்.

கத்திரியில வார தொந்தரவு வேற மாதிரி. வெயில்ல ஓட்டி வந்து ஜங்சன்ல பத்து நிமிசம் நிறுத்திட்டு திரும்பி வந்தா கிளம்பாது. என்ஜின் சூடு மேல ஏறி கார்ப்ரேட்டர் கிண்ணத்துல இருக்குற பெட்ரோல் பொங்கி உள்ளாற வழிஞ்சிருக்கும். அப்ப சோக்கு போடக் கூடாது, ஆக்சிலேட்டர முழுசாத் திறந்து பிடிச்சுக்கிட்டு நாலு உதை உதைச்சா எடுத்துரும். அஞ்சாறு கிலோமீட்டர் ஓடி அப்படியே ஆஃப் ஆகுது, டேங்க் மூடியத் திறந்தா உஸ்ஸுன்னு சத்தம் வந்து பொறவு கிளம்புதுன்னா, மூடியில இருக்குற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. இந்த ரெண்டுக்கும் கார்ப்ரேட்டர கழட்ட வேண்டியதே இல்ல. ஆனி ஆடியில தென்காசி செங்கோட்டை பக்கம் சாரல்ல ஓடுற வண்டிக்கு பில்டர் நனைஞ்சு காத்து அடைக்கும், ராதாபுரம் திசையன்விளை பக்கம் மேல்காத்துல செம்மண்ணும் தேரி மணலும் பில்டர்ல ஏறி அடைக்கும். ரெண்டு பக்கமும் பெட்ரோல் கூடின மாதிரிதான் தெரியும், மருந்து பில்டர்லதான் இருக்கு, ஸ்க்ரூவுல இல்ல.

2023 டிசம்பர் 17, 18ல வந்த வெள்ளத்த நம்ம ஊர்ல யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தண்ணி வடிஞ்சதும் கடை முன்னால வண்டி வண்டியா வந்து நின்னுது. அன்னைக்கு நான் செஞ்ச முதல் வேலை கார்ப்ரேட்டர் கிண்ணத்துக்கு அடியில இருக்குற டிரெயின் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கண்ணாடி டம்ளர்ல பிடிக்குறதுதான். பிடிச்சு அஞ்சு நிமிசம் வச்சா அடியில தண்ணி தனியாத் தங்கும், மேல பெட்ரோல் மிதக்கும். அதைக் காட்டினாத்தான் வண்டிக்காரருக்கும் நம்பிக்கை வரும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில ரோட்டுத் தண்ணியில ஓட்டின வண்டிக்கும் இதை ஒரு தடவ செஞ்சு பாத்துக்கிடலாம், காசு செலவே இல்ல.

இனிமே சொல்லப் போறதுதான் இந்தக் கடுதாசியில முக்கியமானது. இப்ப பங்க்குல வார பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். பெட்ரோல் ஒரு கிராம் எரிய 14.7 கிராம் காத்து வேணும்னு சொன்னேன்லா, எத்தனாலுக்கு 9 கிராம் போதும். ரெண்டையும் கலந்தா 13.5 பக்கம் வரும். பழைய கார்ப்ரேட்டருக்கு இது தெரியாது, அது பழைய கணக்குக்கே காத்த விடும், அப்ப நம்ம வண்டி எல்லாம் ஏற்கனவே எட்டு சதவீதம் போல பெட்ரோல் காணாமத்தான் ஓடுது. சீசன் மாறினா வாறது மூணு, எத்தனாலால வாறது எட்டு. இதுல சித்திரை வந்துட்டு, பெட்ரோல கொஞ்சம் கொறைச்சு வச்சா மைலேஜ் கெடைக்கும்னு எவனாவது ஸ்க்ரூவத் திருப்பினா, அந்த வண்டி கார்த்திகை மார்கழியில என்ன ஆகும்னு யோசிச்சுக்கிடுங்க. அதனால நான் இப்ப கத்திரிக்குன்னு பெட்ரோல கொறைக்குறதையே விட்டுட்டேன். பெட்ரோல் டியூப்பையும் ரப்பர் ஓ-ரிங்கையும் (வளையம்) அதோட சேத்து பாக்கணும், பழைய ரப்பரு எத்தனாலுக்கு தாங்காம உப்பி வெடிச்சிரும். வெடிச்ச இடத்துல பெட்ரோல் ஒழுகுறது தனி ஆபத்து.

விவசாயிகளுக்கும் ஒரு வார்த்தை. மருந்து அடிக்குற பவர் ஸ்பிரேயரு, களை வெட்டுற மிசின் எல்லாம் கார்ப்ரேட்டர்தான். பிசானப் பருவ நெல்லுக்கு அடிச்சுட்டு அப்படியே பெட்ரோலோட மூலையில போட்டுருதாவ, கார் பருவ நெல் நடவு வந்ததும் எடுத்து இழுத்தா கிளம்பாது. நாலு மாசம் கெடந்த பெட்ரோல் ஜெட்டுல பிசினா ஒட்டியிருக்கும். மிசின வைக்குறதுக்கு முன்னாடி பெட்ரோல் வார குழாய்த் திருக மூடிட்டு தானா ஆஃப் ஆகுற வரைக்கும் ஓட விட்டா போதும். அடைச்ச ஜெட்ட கம்பியாலயோ ஊக்காலயோ குத்தாதிய, ஓட்டை பெருசாயிரும், பொறவு எந்தக் கணக்கும் நிக்காது. பெட்ரோல்ல ஊறப் போட்டு காத்தடிச்சா வந்துரும்.

ஐ.டி.ஐ. முடிச்சுட்டு எங்கடைக்கு வாற பையங்க கெட்டிக்காரனுங்க, ஸ்கேனர் மாட்டி கோளாறு நம்பரு பாத்து சொல்லிருதானுங்க, ஆனா ஸ்க்ரூவ எண்ணத் தெரியல. அவனுங்க தப்பு இல்ல, சொல்லிக் குடுக்க ஆள் கொறைஞ்சு போச்சு. அம்பை, வீரவநல்லூர், முக்கூடல், களக்காடுன்னு கிராமத்துல பால், கீரை, மீன், வாழைத்தாரு, பீடி பண்டல் ஏத்திக்கிட்டு ஓடுற வண்டி முக்காவாசி இன்னும் கார்ப்ரேட்டர் வண்டிதான், அதை வித்துட்டு புது வண்டி எடுக்குற வசதி அவியளுக்கு இல்ல. காயலாங்கடைக்கு போட்டுருன்னு சொல்லுறது சுலபம் சார், அந்த வண்டிய நம்பி ஒரு வீட்டுல அடுப்பு எரியுது.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு வேண்டுகோள். பாபநாசம் அணை நீர்மட்டம் தினம் போடுதிய, குத்தாலத்துல தண்ணி எப்படி விழுதுன்னு போடுதிய. அதே மாதிரி சித்திரை ஒண்ணாந்தேதியும் கார்த்திகை ஒண்ணாந்தேதியும் பைக்குக்கு ஒரு நாலு வரி போடுங்க. சோக்க பாரு, பில்டர பாரு, பிளக்க பாரு, ஸ்க்ரூவ எண்ணாம தொடாதேன்னு. எழுதிக் குடுக்க நான் தயார், காசு ஒண்ணும் வேண்டாம். போன வாரம் எழுதின அந்த சாரு கல்லிடைக்குறிச்சி பக்கம் வந்தாவன்னா வண்டிய கொண்டு வரச் சொல்லுங்க, கூலி வாங்காம சோக்க சரி பண்ணி, சுத்து எத்தனைன்னு மூடியில எழுதிக் குடுத்து அனுப்புதேன்.

இப்படிக்கு,
ஒரு டூவீலர் மெக்கானிக்,
கல்லிடைக்குறிச்சி.